கதவுக்கு மேல் மூன்று நாள்

உப்புப் பாத்தியை மிதிப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெண்கள் வரிசையாக நின்று, ஒரு பாதத்துக்குப் பக்கத்தில் அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து, பாத்தியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக நகர வேண்டும். ஒருத்தி மிதித்த தடத்தில் இன்னொருத்தி கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடம் குழியும். குழியில் தண்ணீர் தேங்கும். தேங்கின இடத்து உப்பில் சேறு கலந்து கறுத்துப் போகும். தரை சாணம் மெழுகினது மாதிரி இறுகி, ஒரே மட்டமாக இருந்தால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும்.

மரக்காணத்து உப்பளங்களில் அந்த வரிசையின் முதல் ஆளாக வெகு காலம் நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதி முடிக்கவும் எனக்குப் பல நாள் ஆகிறது, அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் பாத்தியைக் காட்டினால் யார் பாதம் எந்த இடத்தில் சரியாக விழவில்லை என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவேன். அதைக் கர்வம் என்பவர்கள் என்றுவிட்டுப் போகட்டும். கர்வம்தான்.

அந்த ஒழுங்கை என் கண் முன்னால் மீறியவள் என் கூடப் பிறந்த தங்கச்சி.

அவள் என்னைவிடப் பதினாறு வயது இளையவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. என் வீட்டில்தான் இருந்தாள், என் வரிசையில்தான் மிதித்தாள். கடல் உள்ளே வந்த அந்த மார்கழியில் அளமெல்லாம் கறுப்புச் சேறாகிவிட்டது. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. மறு வருஷம் வேலை இல்லாமல் எங்கள் வரிசை சிதறியது. சிலர் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கப் போனார்கள், சிலர் பாண்டிச்சேரிக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். என் தங்கச்சி ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு லெபனான் போனாள். ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஏஜென்டைக் கேட்டேன். அவன் யோசிக்காமல் கடலைக் கை காட்டினான். அதை நம்பி ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் வேலை முடிந்ததும் கடலைப் பார்த்து நின்று, "சாப்ட்டியாடி?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். லெபனான் நேர் எதிர்ப் பக்கம், திண்டிவனத்தையும் தாண்டி, நிலத்தையும் தாண்டி, இன்னொரு கடல் ஓரத்தில் இருக்கிறதென்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அத்தனை நாள் கேட்ட கேள்வி எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெலிபோன் கடைக்கு அவள் மாதம் ஒரு தடவை கூப்பிடுவாள். மலைச் சரிவில் கல் வீடு. வாசலில் ஓர் அத்திமரம். பின்னால் கிழவியின் ஒலிவ மரங்கள், அதற்குக் கீழே புகையிலைத் தோட்டம். புகையிலை இலையை நீள ஊசியில் கோத்துக் கயிற்றில் காயப் போடுவார்களாம். "நாம பூ கட்டற மாதிரிதான் அக்கா. ஆனா மணம்தான் வேற" என்பாள். கிழவிக்கு முட்டி வலி, கண் மங்கல். இவளை 'அபிப்தி' என்று கூப்பிடுவாளாம். செல்லமே என்று அர்த்தமாம். செல்லமே என்று அவளை நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஆடியில் அங்கே சண்டை வந்துவிட்டது. போன் நின்றது. டீக்கடை டிவியில் புகையும் இடிந்த வீடுகளும் காட்டினார்கள். நான் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. மத்தியானத்தில் அளத்தின் மேல் காற்று நெளியும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூரத்தில் இல்லாத தண்ணீர் தெரியும், குவித்த உப்பு அந்தரத்தில் மிதக்கும். அந்த நாட்களில் எனக்கு அதில் ஒரு மலைச் சரிவு தெரிந்தது. கல் வீடு தெரிந்தது. நான் பார்த்தே இராத ஒலிவ மரம்கூடத் தெரிந்தது, நம்மூர் புங்கமரம் மாதிரி. கண்ணைச் சிமிட்டினால் போய்விடும் என்று சிமிட்டாமல் நிற்பேன். கண்ணில் நீர் கொட்டும். உப்புக் காற்று என்று சொல்லிக்கொள்வேன்.

புரட்டாசியில் அவள் வந்தாள். சண்டை நின்ற பிறகு, வெளிநாட்டில் இருந்த கிழவியின் மகன் வந்து, இவளை அனுப்பி வைத்தானாம். பாதியாக இளைத்திருந்தாள். ஒரு பையில் காய்ந்த இலையும் எள்ளும் இடித்துக் கலந்த பொடி கொண்டுவந்திருந்தாள். அளத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தார்கள்.

"நம்ம இட்லிப் பொடிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்குது" என்றாள் எங்கள் வரிசையில் இரண்டாவது நிற்பவள். அவள் வாய் சும்மா இருக்காது. "காரம்தான் காணோம். இன்னா அபிப்தி, அந்த ஊர்ல மொளகா வெளையாதா?"

அன்றிலிருந்து என் தங்கச்சிக்கு அளத்தில் அதுதான் பேர்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்கால மழை பெய்து பாத்திகளைக் கெடுத்திருந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு தடவை உப்பு வாரிவிடலாம் என்று அளத்துக்காரர் ஆசைப்பட்டார். திரும்ப மிதிக்கச் சொன்னார். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். என் வரிசை மறுபடியும் முழுசாக நிற்கப்போகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

நான் முதலில் இறங்கி நகர்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று பார்த்தால், எனக்குப் பின்னால் இறங்கினாள். நான் காலை எடுத்ததும், அந்தத் தடத்திலேயே தன் காலை வைத்தாள். குதிகால் குதிகாலில், விரல் விரலில். என் பாதம் பெரியது, அவள் பாதம் அதற்குள் அடங்கியது. பாதிப் பாத்தி போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோடாகக் குழி. மற்ற இடம் மிதிபடாமல் கிடந்தது.

"இன்னாடி பண்ற நீ? மிதிக்கிற ஒழுங்கு மறந்துபோச்சா?"

என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளி வையேன்டி. தோ, இங்க வை. புது எடத்துல வை."

"வைக்கிறேன் அக்கா" என்றாள். வைக்கவில்லை. தூக்கின காலைக் கொக்கு மாதிரி தூக்கியபடியே நின்றாள்.

இரண்டாவது நிற்பவள் சிரித்துவிட்டாள். "அபிப்திக்குக் காலு கூசுதாம் பெரியம்மா. கல்லு வூட்ல செருப்புப் போட்டு நடந்த காலு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. என் வரிசையில், என் தங்கச்சி. "மேல ஏறு. வரப்புல போய் உக்காரு. மகாராணிக்குச் சேறு ஆகாது போல" என்று கத்தினேன். அவள் ஏறிப் போன வழியும் என் பழைய தடம்தான், பின்பக்கமாக, ஒவ்வொன்றாக. வரப்பில் உட்கார்ந்து பாதத்தை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து, சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண் வந்தாள். பாண்டிச்சேரியில் ஏதோ சங்கத்திலிருந்து வருபவள். கடல் வந்த நாளிலிருந்து அனுமந்தை, எக்கியார்குப்பம், எங்கள் ஊர் என்று அலைந்து ஏதாவது ஒரு படிவம் எழுதிக்கொண்டே இருப்பவள். எங்களுக்குப் பழக்கம். இந்தத் தடவை வேறு காகிதக் கட்டு கொண்டுவந்திருந்தாள். உப்புக் கொட்டகை நிழலில் எல்லோரும் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தோம். அவளும் உட்கார்ந்தாள்.

"கொத்துக்குண்டுன்னு ஒண்ணு இருக்குதும்மா" என்று ஆரம்பித்தாள். "ஒரு பெரிய குண்டு, வானத்துலயே தொறந்துக்கும். உள்ள இருந்து நூறு நூறா சின்னக் குண்டுங்க கொட்டும். எல்லாமே வெடிக்காது. வெடிக்காதது மண்ணுல, மரத்துல, கூரைல அப்படியே கிடக்கும். சண்டை முடிஞ்சு ஜனங்க வீட்டுக்குத் திரும்பி வந்து கால் வச்சா, கையில எடுத்தா, அப்ப வெடிக்கும்."

"எங்கூட்டுக்காரன் மாதிரின்னு சொல்லு" என்றாள் இரண்டாவது நிற்பவள். "சண்டை போட்ட அன்னிக்கு வெடிக்க மாட்டான். மறுநா சோறு போடறப்ப வெடிப்பான்."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத்தான் மேலே சொன்னாள். இந்தக் குண்டைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, சேர்த்து வைக்கவும் கூடாது என்று எல்லா நாடும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று பல நாட்டு ஜனங்கள் கேட்கிறார்களாம். வெளிநாட்டில் ஒரு கூட்டம் நடக்கப் போகிறதாம். அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறார்களாம்.

"நம்ம நாடு போடுமா கையெழுத்து?" என்று நான் கேட்டேன்.

"போடும்னு நான் சொல்ல மாட்டேன்மா."

"அப்புறம் எங்க கையெழுத்து எதுக்கு?"

"கண்ணிவெடிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. நடக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இன்னிக்கு நிறைய நாடு அதை விட்டுட்டாங்க."

பொய் சொல்லாமல் பேசினாள் என்பதால் நான் பேனாவை வாங்கினேன். முழுப் பேரும் எழுதினேன். மற்றவர்கள் சிலர் எழுதினார்கள், சிலர் கட்டைவிரலை மையில் தோய்த்தார்கள். தங்கச்சி மட்டும் வரப்பிலேயே இருந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்து, "அவங்க?" என்றாள்.

"அவ லெபனான்ல இருந்து இப்பத்தான் வந்தா" என்று யாரோ சொன்னார்கள்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. எழுந்து வரப்புக்குப் போனாள். என்ன பேசினாளோ, தங்கச்சி தலையை ஆட்டி ஆட்டி மாட்டேன் என்றாள். அந்தப் பெண் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க பார்த்திருக்காங்கம்மா. சண்டை முடியற கடைசி நாள்ல அவங்க இருந்த பக்கம்தான் நிறைய விழுந்தது. அவங்க வாயால சொல்றதை எழுதி, அவங்க ரேகையோட அந்தக் கூட்டத்துல வாசிச்சா, நூறு கையெழுத்துக்குச் சமம். வர்ற வாரம் வருவேன். கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு இப்போதுதான் எனக்குப் புரிந்து, கத்தினது நெஞ்சில் கிடந்து அறுத்தது.

மறுநாள் சாப்பிட்ட பிறகு கொட்டகையில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். கனவில் அளம் முழுக்க வெள்ளை நாடா கட்டின சின்னச் சின்ன டப்பாக்கள் தும்பி மாதிரி இறங்கின. சத்தமே இல்லை. ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொன்று. அழகாகத்தான் இருந்தது. விழித்தபோது தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குண்டு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கனவைச் சொன்னேன்.

"வெள்ள நாடாதான் அக்கா" என்றாள்.

பிறகு அவளாகச் சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"கிழவி வாசக்காலுக்கு மேல ஒரு நீலக் கண்ணுமணி தொங்கும். கண்ணு படாம இருக்க. நாம படிகாரம் கட்டறோம் பாரு, அதே மாதிரி. நான் போன அன்னிக்கே அதைப் பார்த்துட்டு, அட நம்ம ஊருதான் இதுன்னு நெனச்சேன். சண்டைல வூடு குலுங்கறப்ப அது உழுந்து ஒடஞ்சிபோச்சு. கிழவி அழுதா. ஜன்னலு போனதுக்கு அழல, மணிக்கு அழுதா. ராவெல்லாம் வானத்துல படபடபடன்னு சத்தம். விடிஞ்சா சண்டை நின்னுடுச்சின்னாங்க. கதவத் தொறந்தேன். வாசப்படில ஒரு சின்ன டப்பா, டார்ச்சு லைட் பேட்டரி சைஸு, தலையில வெள்ள நாடா, காது மாதிரி வளைஞ்சி. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? பக்கத்து வூட்டு வாசல்ல கட்டினது உழுந்து உருண்டு வந்துட்ச்சி போலன்னு. அவங்க வூடே இடிஞ்சி கெடந்தது. கிழவியும் மணி இல்லாத வாசல்னு பொலம்பறாளேன்னு, நாடாவப் புடிச்சித் தூக்கி, அதே ஆணில மாட்டிட்டேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கிழவிக்குக் கண்ணு தெரியல. தடவிப் பாக்கக் கையத் தூக்கினா, எட்டல. 'இன்னா அது?'ன்னு கேட்டா. 'எங்க ஊருல இப்படித்தான் கட்டுவாங்க'ன்னேன். கிழவி என் நெத்தில முத்தம் குடுத்தா அக்கா. மூணு நாளு. மூணு நாளு அதுக்குக் கீழ போனோம், வந்தோம். காத்தடிச்சா ஆடும். நான் ஒரு நாளு தூசி தட்டினேன்."

"தூசியா தட்டின?"

"துணியால."

இருவரும் சிரித்துவிட்டோம். ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரிப்பு நிற்கவும் இல்லை. பிறகு அவள் மீதியைச் சொன்னாள். இதற்குள் புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, குண்டை மிதித்து ஒரு கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்ததாம். நான்காம் நாள் குண்டு எடுக்கிறவர்கள் கனத்த சட்டையும் முகமூடியுமாக, தரையில் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டே சந்தில் வந்தார்கள். ஒருவன் இவர்கள் வாசலைப் பார்த்ததும் அப்படியே கல்லாக நின்றானாம். கையால் அசையாதே என்று காட்டினான். இரண்டு பேரையும் பின் ஜன்னல் வழியாகத் தூக்கி இறக்கினார்கள். இறக்கினவன் சைகையில் சொன்னான்: என் கால் வைத்த இடத்தில் மட்டும் உன் காலை வை. கிழவியும் இவளும் அப்படித்தான் சந்தைத் தாண்டினார்கள். கதவைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, ஆணியில் தொங்கியபடியே அதை வெடிக்க வைத்தார்கள். கதவும் நிலைவாசலும் போய்விட்டது.

"அப்புறம் ஊரே அப்படித்தான் நடந்தது அக்கா. ஒருத்தன் தடத்துல ஒருத்தன். ஒலிவ மரத்துலகூட ரெண்டு நாடா தொங்குது. காய்ப்பு வேற நல்லா இருக்குது. யாரும் பறிக்க முடியாது."

"கிழவி இன்னா சொன்னா உன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நானும் யாருக்கும் சொல்லல. அந்தப் பொண்ணு கேட்டுச்சின்னா நான் இன்னான்னு சொல்றது? நான்தான் மாட்டினேன்னா?"

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் நல்ல அக்காவாகவே இருந்துவிடுவேன். ஆனால் நடந்ததை எழுத உட்கார்ந்தாயிற்று.

அந்த வாரமே ஏஜென்ட் வந்தான். கிழவி இவள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம், மகன் டிக்கெட் அனுப்பத் தயாராம். தங்கச்சி முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்க்காதது. போகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள். ஒலிவ பறிக்கிற காலம், கிழவி தானாகப் பறிக்கப் போய்விடுவாள், பிடித்து வைக்க ஆள் வேண்டும் என்றாள். ஏஜென்ட் கிளம்பும்போது சொன்னான்: "ஒரே விஷயம்தாங்க. இந்தச் சங்கம், பேப்பர்காரங்க யார்கிட்டயும் அந்தச் சண்டையைப் பத்தி வாய் தொறக்காதீங்க. பேரு வெளிய வந்துச்சின்னா நான் அனுப்ப மாட்டேன். எனக்கு வம்பு வேணாம்."

அவன் போன பிறகு எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவள் அந்தக் காகிதத்தில் ரேகை வைத்தால் போக மாட்டாள். அவ்வளவுதான். அந்த மரங்களுக்கு நடுவில், அந்த நாடாக்களுக்குக் கீழே, இவள் திரும்ப நடக்க மாட்டாள்.

நான் அவளிடம் வேறு மாதிரி பேசினேன். "நீ சொல்லாட்டி யாருடி சொல்லுவா?" என்றேன். "கால் போன அந்தப் பெரியவருக்காகச் சொல்லு. நாளைக்கு எந்த வாசல்ல எவ மாட்டப் போறாளோ" என்றேன். அன்றைக்கு அந்தப் பெண் சொன்ன வார்த்தை எல்லாம் என் வாயில் நன்றாகத்தான் வந்தது. எல்லாமே நிஜம்தான். நான் சொன்ன காரணம் மட்டும் நிஜம் இல்லை.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். பாத்தியில் இறங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது நிற்கும் வாய்க்காரி அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை பேச்சில்லாமல் தன் கஞ்சியில் பாதியை அவள் தூக்கில் ஊற்றிவிட்டுப் போனாள்.

சொன்ன வாரம் அந்தப் பெண் வந்தாள். கொட்டகையில் மூன்று பேர் மட்டும் இருந்தோம். வெளியே வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டு, கொட்டகைக் கூரையில் உள்பக்கம் நெளிந்து விளையாடிக்கொண்டிருந்தது. தங்கச்சி முதலிலிருந்து சொன்னாள். நீலமணி, டப்பா, நாடா, ஆணி. முத்தம் கொடுத்ததையும் சொன்னாள், தூசி தட்டினதையும் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தவள், ஓர் இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினாள். பிறகு முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்டினாள். மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

தங்கச்சி கட்டைவிரலை மையில் வைக்கவில்லை. "இதை வாசிச்சா கிழவி மரத்துல இருக்கறத எடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

"இதனால எடுப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்க. எடுக்கறவங்க அங்க எடுத்துட்டுத்தான் இருக்காங்க, நாள் ஆகும். இது இனிமே வேற மரத்துல விழாம இருக்க."

"என் பேரு வருமா?"

"வேணாம்னா பேரை எடுத்துடறேன். ஆனா ரேகை வேணும். ஊரு வரும், வேலை வரும். அந்தக் கிராமத்துல வேலை பார்த்த இந்த ஊரு பொம்பளைன்னா, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இதை வச்சா நான் போக முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் வைக்கச் சொன்னியா?"

அவள் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். வரிசையின் முதல் ஆளாக நின்று பழகினவள், யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி" என்றேன். "நீ போகக் கூடாதுன்னுதான். பெரியவரு காலு, ஒப்பந்தம், எதுவும் இல்ல. ஒரு வருஷம் தப்பான கடலப் பாத்துப் பேசிக்கினு இருந்தேன். இன்னொரு வாட்டி என்னால ஆகாது."

அந்தப் பெண் மைப்பெட்டியை மூடப் போனாள். "இப்படி வேணாம்மா" என்றாள்.

தங்கச்சி அவள் கையைத் தடுத்தாள். "மூடாதம்மா" என்றாள். பிறகு என்னிடம்: "உனக்காக வைக்கல. அத நல்லாத் தெரிஞ்சிக்கோ. நீ நெனச்சது நடக்குதேன்னு சந்தோஷப்படாத." கட்டைவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு உருட்டி வைத்தாள். நன்றாக, கோடு கோடாக, ஒரு நெளிவும் கலையாமல் விழுந்தது.

அவள் அந்த வாரமே ஏஜென்டிடம் தானாகப் போய்ச் சொல்லிவிட்டாள். மறைக்கிற ஆள் இல்லை. அவன் இனிமேல் என் ஆபீஸ் பக்கம் வராதே என்றுவிட்டான்.

நான் கேட்டது கிடைத்தது. வீட்டில் இருந்தாள், சமைத்தாள், என்னோடு அளவாகப் பேசினாள். பாத்தியில் மட்டும் இறங்கவே இல்லை. அந்த வருஷத்துக் கடைசி உப்பை அவள் இல்லாமல்தான் வாரினோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அளம் முழுக்க ஒரே தண்ணீராகி வானத்தைக் கீழே விரித்துப் போட்டது மாதிரி ஆனது. அந்தத் தண்ணீரில் மேகம் நகர்வதைப் பார்த்தபடி அவள் மணிக்கணக்கில் நிற்பாள். மலைச் சரிவு தெரிகிறதோ என்னவோ. நான் கேட்டதில்லை.

வெளிநாட்டுக் கூட்டம் முடிந்துவிட்டதாக அந்தப் பெண் வந்து சொன்னாள். தங்கச்சி சொன்னதை ஓர் இடத்தில் வாசித்தார்களாம். பெரிய நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் சில நாடுகள், நாங்கள் தனியாகக் கூடி இந்த ஒப்பந்தத்தை எழுதுகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்களாம். "இதுவே பெரிசும்மா" என்றாள். தங்கச்சி கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் கிழவிகிட்ட வரலன்னு சொல்லணும். இன்னும் சொல்லல" என்றாள்.

அவள் கிளம்பின கையோடு நாங்கள் இரண்டு பேரும் தூறலில் டெலிபோன் கடைக்குப் போனோம். எண்ணை அழுத்தி வெகு நேரம் காத்திருந்து, பிறகு அவள் அந்த ஊர்ப் பாஷையில் பேச ஆரம்பித்தாள். அவளுக்கு அப்படி ஒரு பாஷை வரும் என்று எனக்குத் தெரியும், காதால் கேட்டது அன்றைக்குத்தான். வேறு ஒருத்தியாக இருந்தாள். கையை ஆட்டினாள், சிரித்தாள், குரல் தழைந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கமும் பேசவில்லை போல. போனைக் காதில் வைத்தபடியே இருவரும் சும்மா இருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கிழவி என்னத் திட்டல அக்கா. திட்டியிருக்கலாம்."

"மரத்துல இருந்தத எடுத்துட்டாங்களாமா?"

"மேல் வரிசை சுத்தம் பண்ணிட்டாங்களாம். அந்தக் காய மட்டும் பறிச்சாங்களாம். கீழ் வரிசைக்கு ஆளு இன்னும் வரல. குருவி தின்னுட்டுப் போகட்டும்னா."

"வேற இன்னா சொன்னா?"

"நான் சொன்னத எழுதி வாசிச்சாங்கன்னு சொன்னேன். எது எதுன்னு கேட்டா. ஆணில மாட்டினதையும் சொன்னேன்னேன். அப்புறம் கேக்கறா, 'என்னைய ஏன் கேக்கல? கதவு என்னுது தானே?'ன்னு." மழையில் நனைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். ரேகை வைத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு பாண்டிச்சேரிக்குப் போயிருக்காது இன்னும். பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கும். வா அக்கா, புடிக்கலாம். கிழவியும் அவ வாயால சொல்றாளாம், எழுதிக்கட்டும்."